கழித்தல் குறி

பதினோரு மாத வேலை.
நியமனக் கடிதத்தில் அதன் பெயர் ஃபெலோஷிப்.
ஒரு எழுத்தட்டை, ஒரு பேனா,
கழுத்தில் தொங்கும் என் புகைப்படம்,
பால்டிமோரின் மேற்குப் பக்கத்தில் நாற்பது தெருக்கள்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:
உங்களுக்குச் சொந்தக் கூரை வேண்டாம்.
நகருக்கு வெளியே பழைய குப்பைமேட்டின் மேல்
தகடுகள் வெயில் காய்கின்றன,
அதில் உங்களுக்கும் ஒரு பங்கு.
முன்பணம் இல்லை. கரண்ட் பில் குறையும்.

குறையும் என்பதற்குள் கதவு சாத்தியிருக்கும்.
அவர்கள்மேல் குற்றமில்லை.
எனக்கு முன்னால் இதே படிகளில்
இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவன் வந்திருந்தான்.
அவனும் குறையும் என்றுதான் சொன்னான்.
பில்லைக் கொஞ்சம் காட்டுங்கள் என்றான்.
காட்டிய வீடுகளில் அடுத்த மாதமே
கட்டணம் இரண்டு மடங்கு.
சூடு கண்ட பூனைகளின் தெருவில்
நான் இன்னொரு கொள்ளிக்கட்டை.

ஒடெஸா பிங்க்னி
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவள்.
முதல் முறை கதவுச் சங்கிலிக்குப் பின்னால் ஒரு கண் மட்டும்.
இரண்டாம் முறை டிவி சத்தத்தைக் கூட்டினாள்.
மூன்றாம் முறை மழை.
உள்ளே வா என்று சொல்லவில்லை,
ஒரு துண்டை நீட்டினாள்.
தலை துவட்டும்போது
ஃபிரிட்ஜில் காந்தம் பிடித்திருந்த
இளஞ்சிவப்புத் தாளைப் பார்த்துவிட்டேன்.
மின்துண்டிப்பு அறிவிப்பு.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"வெயில் இருக்கும் நேரமெல்லாம் நான் தூங்குகிறேன்.
தூங்குகிறவளுக்கும் பங்கு உண்டா?"
உண்டு.
"அப்படியானால் என் தகடு எது? காட்டு."

அப்படித் தனியாக ஒன்றும் இல்லை,
கிலோவாட், பொதுக் கணக்கு என்று இழுத்தேன்.
"காசு கொடுத்து ரொட்டி வாங்கினால்
கையில் ரொட்டி இருக்கும்" என்றாள்.

ஞாயிறு பார்க்க ஞாயிற்றுக்கிழமை போனோம்.
சர்ச்சுக்குப் போட்ட தொப்பியைக் கழற்றாமலே வந்தாள்.
இரண்டு பஸ், பிறகு யாரோ இரவல் தந்த வேன்.
குப்பைமேடு என்று சொன்னால்தான் தெரியும்.
புல், வேலி,
ஒரே பக்கம் முகம் தூக்கிய நீல வரிசைகள்,
இடையில் மேயும் ஆடுகள்
(புல் வெட்டும் கூலி மிச்சம்).
வேலியைப் பிடித்தபடி
வெகுநேரம் பேசாமல் நின்றாள்.
"அது.
மூன்றாம் வரிசையில் கறுப்பு மூஞ்சி ஆடு ஒன்று
படுத்திருக்கிறதே, அதன் தலைக்கு மேல்.
அது என்னுடையது."
திட்டக் கையேட்டின்படி அது தவறு.
படிவத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

வேனின் முன்மூடியில் வைத்துக் கையெழுத்து.
வருமானச் சான்று என்ற கட்டத்தில் பேனா நின்றது.
"மருந்துக்கு நிரூபித்தேன், வாடகைக்கு நிரூபித்தேன்.
வெயிலுக்குமா?"
என்னிடம் பதில் இல்லை,
டிக் போட வேண்டிய ஒரு கட்டம்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஃபோன்.
"பதினொன்று நாற்பது, முன்னால் ஒரு கோடு.
அச்சுப் பிழையா?"
இல்லை, கழித்தல் குறி.
"இந்தக் காகிதத்தில் நான் கூட்டலைத்தான் பார்த்திருக்கிறேன்."
சற்றுப் பொறுத்து,
"பதினோரு டாலருக்காக நான் ஆடிப் பாடப்போவதில்லை.
நேற்று நல்ல மழையாயிற்றே,
அந்த ஆடு நனைந்திருக்குமா?"

பிறகுதான் கேட்டாள்:
"உன்னை யார் சேர்த்துவிட்டது?"

என் உதவித்தொகை
வருமான வரம்புக்கு நானூறு டாலர் கீழே.
தகுதி உண்டு, இடம் இல்லை.
காத்திருப்போர் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு.
சொல்லும்போது சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நகரமன்றத்தில் இரண்டாவது மேட்டுக்கான விசாரணை,
புதன் மாலை, ஆளுக்கு மூன்று நிமிடம்.
வேலைக்குப் போகும் சீருடையில் வந்திருந்தாள்.
உள்ளங்கையில் எழுதிவந்ததை மைக்கில் வாசித்தாள்:
"இருநூற்றுப் பன்னிரண்டு."
"அது என்ன எண், மேடம்?"
"எண் இல்லை. ஆள்.
அதோ பின்வரிசையில்,
ஒரு அட்டையை வைத்துக்கொண்டு."

எல்லோரும் திரும்பினார்கள்.
எனக்கு முன்னால்
இருநூற்றுப் பதினோரு பேர் இருக்கிறார்கள் என்று
எழுந்து சொல்ல நினைத்தேன்.
அதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.
அவள் இன்னும்
ஆட்டைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை.